துவாலை கோபினா எழுந்து நிற்காத வருடம்

கொஞ்ச காலம் முன்பு வரை அசெம்போ வேன் நிலையத்தில் போய் கோபினா ஆர்ஹின் எங்கே என்று விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். துவாலை எங்கே என்று கேட்டால் போதும், நாலு திசையிலிருந்தும் கை நீளும். தக்கராடிப் பட்டணத்துக்குப் போகிற வேன்களுக்கு ஆள் கூப்பிடுகிற வேலை அவருக்கு. "தக்கராடி, தக்கராடி, ஒரே ஒரு சீட்டு" என்று அவர் கத்தினால் வேன் காலியாக இருக்கிறது என்று அர்த்தம். அறுபது தாண்டியும் குரல் கடற்கரை வரை போகும். உச்சி வெயிலில் வியர்த்துக் கொட்டும்போது சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொள்வாரே தவிர, அவர் தோளில் ஒரு துண்டு கிடந்து யாரும் பார்த்ததில்லை. அவர் வீட்டிலேயே துவாலை கிடையாது. மகள் அராபா அம்மாவின் கிழிந்த துணியில்தான் தலை துவட்டி வளர்ந்தாள்.

எங்கள் ஊர்ப் பந்தாட்டச் சங்கத்துக்கு சீலா என்று பெயர். பக்கத்து ஊர் டுவின்மாவின் சங்கத்துக்குத் திருக்கை. இரண்டும் ஒரே கடல் மீன்தான், ஆனாலும் ஒன்றுக்கொன்று ஆகாது. எண்பத்து நாலாம் வருடம் செப்டம்பர் ஆறாம் தேதி, இரண்டுக்கும் கோப்பைக்கான இறுதி ஆட்டம். சீலாவின் கோல்கீப்பர் கோபினா. நல்ல கோல்கீப்பர், இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆட்டத்துக்கு முன்னால் சங்கத்துப் பெரிய தலைகள் வடக்கேயிருந்து ஒரு மருந்துக்காரரை அழைத்து வந்தார்கள். அவர் ஒரு வெள்ளைத் துவாலையை மூலிகைத் தண்ணீரில் முக்கிக் காயவைத்துக் கோபினா கையில் கொடுத்தார். "இது வலைக்குள்ள தொங்கற வரைக்கும் பந்து உள்ள வராது. இது வலையை விட்டுப் போச்சுன்னா வலை திறந்துக்கும்" என்றார். சிரிக்காதீர்கள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கோல்கீப்பர் எவனும் வலைக்குள் வெறுமனே நின்றதில்லை.

ஆட்டம் முடியப் போகிற நேரம் வரை ஒரு கோலும் இல்லை. திருக்கைக்காரன் ஒருவன் வலைக்குப் பின்னால் பதுங்கி வந்து, தூண்டில் கம்பை உள்ளே விட்டுத் துவாலையை உருவிக்கொண்டு ஓடினான். கோபினா என்ன செய்திருக்க வேண்டும்? பந்தைப் பார்த்திருக்க வேண்டும். மனிதர் துவாலையைப் பார்த்தார். வலையைச் சுற்றிக்கொண்டு அவனைத் துரத்தினார். நடு மைதானத்திலிருந்து டுவின்மாக்காரன் ஒருவன் உதைத்த பந்து, ஒரு அவசரமும் இல்லாமல் உருண்டு வந்து காலி வலைக்குள் போய் உட்கார்ந்தது. மருந்துக்காரர் வாக்கு அப்படியே பலித்துவிட்டது என்று எங்கள் ஊரில் இன்றைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். கோப்பை டுவின்மாவுக்குப் போயிற்று, கோபினாவுக்கு இந்தப் பெயர் வந்தது.

மற்ற ஊராக இருந்தால் இரண்டு வருடத்தில் மறந்திருக்கும். எங்கள் ஊர் மறக்குமா? சீலா சங்கம் பிறந்ததும் ஒரு செப்டம்பர் ஆறுதான். அதனால் வருடா வருடம் அந்தத் தேதியில் திருக்கைகளோடு ஒரு நட்பு ஆட்டம். ஆட்டத்துக்கு முன்னால் நாள் சொல்லுதல். சங்கத்தின் வாய் என்று ஒருவர் உண்டு, இப்போது தையற்காரர் போட்வே. அவர் நடு மைதானத்தில் நின்று இரும்பு மணியைத் தட்டித் தட்டி, இந்தத் தேதியில் எந்த வருடம் என்ன நடந்தது என்று மனப்பாடமாகச் சொல்லுவார். பந்து கடலில் விழுந்து படகு விட்டு எடுத்து வந்த வருடம். மழையில் கோல் கம்பம் சாய்ந்து, இரண்டு பேர் அதைப் பிடித்துக்கொண்டே நின்று ஆட்டத்தை முடித்த வருடம். நொண்டிக் காலோடு ஒருவன் மூன்று கோல் போட்ட வருடம்.

ஒவ்வொன்றிலும் சம்பந்தப்பட்டவர் பெயரை மூன்று தடவை கூப்பிட வேண்டும். உயிரோடு இருப்பவர் எழுந்து நடுவுக்கு வந்து ஒரு சுற்று ஆட வேண்டும். ஜெயித்துக் கொடுத்தவனுக்குக் கைதட்டல், கெடுத்தவனுக்கு ஊளை. செத்துப்போனவராக இருந்தால் அவர் வீட்டிலிருந்து ஒருவர் வந்து நிற்க வேண்டும். அவர் பெயரைச் சொல்லி ஒரு வாய் ஜின்னை மண்ணில் ஊற்றுவார்கள். மூன்று தடவை கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் அந்தப் பெயர் அத்தோடு சரி, அடுத்த வருடத்திலிருந்து கிடையாது. ஜின்னை ஊற்றிச் சொல்லிவிட்ட பெயரை எவனாலும் திரும்ப அள்ளவும் முடியாது.

கோபினா ஒரு வருடம் தவறாமல் எழுந்து போவார். யாராவது ஒரு துவாலையை வீசுவார்கள். அதைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு, இல்லாத ஒருவனைத் துரத்துகிற மாதிரி மைதானத்தைச் சுற்றி ஓடுவார். ஊரே ஊளையிடும். ஆட்டத்தைவிட அதைப் பார்க்கத்தான் பாதிக் கூட்டம் வரும். அவரும் சிரித்துக்கொண்டேதான் ஓடுவார். வீட்டுக்கு வந்து அன்றைக்குச் சோறு தொட மாட்டார். அது அராபாவுக்கு மட்டும் தெரியும்.

அப்புறம் ஒரு வருடம் அராபாவுக்கு வரன் அமைந்தது. அவள் தக்கராடியில் டீச்சர், பையனும் டீச்சர். பையன் டுவின்மாக்காரன், அது வேறு. கதவு தட்டிப் பெண் கேட்க, எங்கள் வழக்கப்படி பையனின் தாய்மாமன்தான் வர வேண்டும். எஷுன் என்று பேர். "ஆறாம் தேதி காலைல கதவைத் தட்டறோம், சாயங்காலம் சம்பந்தியோட உக்காந்து ஆட்டமும் பாத்துட்டுக் கெளம்பறோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

முந்தின வாரமே அராபா ஊருக்கு வந்தாள். வந்ததிலிருந்து எதையோ சொல்ல வருவதும் விழுங்குவதுமாக இருந்தாள். மீனைக் கழுவிக்கொண்டே கடைசியில் கேட்டாள்.

"அப்பா, அன்னிக்கு ஒரு நாள் மட்டும் வயித்து வலின்னு வீட்ல படுத்துக்கறீங்களா?"

"சம்பந்தி வந்திருக்கறப்ப நான் படுத்துக்கிட்டா, பொண்ணோட அப்பன் சீக்காளின்னு பேசுவாங்கம்மா."

"நான் அவங்ககிட்ட, எங்கப்பா சீலாவுக்கு கோல்கீப்பரா இருந்தவருன்னு மட்டும்தான் சொல்லியிருக்கேன்."

"மத்ததைச் சொல்லலியா?"

அராபா ஏற்கெனவே கழுவிய மீனையே திரும்பக் கழுவினாள். ஊர் மொத்தமும் இத்தனை காலம் போட்ட ஊளையெல்லாம் கோபினாவுக்கு அந்த நிமிடத்தில் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. பெற்ற பெண்ணுக்கு நாம் அவமானம் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே போட்வேயின் தையல் கடைக்குப் போனார்.

"வா துவாலை. இந்த வருஷம் புதுசா ஏதாவது ஆட்டம் போடப் போறியா?" என்றார் போட்வே, தையல் மெஷினை நிறுத்தாமல்.

"இந்த வருஷம் என்னை விட்டுடு போட்வே. சம்பந்தி வீட்டுக்காரங்க வராங்க."

"விடறதா? கோல் விழுந்தது விழுந்ததுதானேடா. கோல்கீப்பரே இல்லாம விழுந்துச்சுன்னு சொல்லவா?"

"கோல்கீப்பர் இல்லாமதானே விழுந்துச்சு."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கியதும் போட்வே மெஷினை நிறுத்தினார். கோபினாவின் முகத்தைப் பார்த்தார்.

"மணியடிச்சா ஒரு பேரு சொல்லணும்டா. பேரு இல்லாம அந்த வருஷத்தை எப்படித் தாண்டறது?"

கோபினா கீழே விழுந்து கிடந்த ஒரு நூல்கண்டை எடுத்து மெஷின் மேல் வைத்தார். பிறகு, "எசில்ஃபின்னு சொல்லிடு" என்றார்.

எசில்ஃபி யார் தெரியுமா? சீலாவின் மாற்றுக் கோல்கீப்பர். கோபினாவுக்குக் காய்ச்சல் வந்தால் இறங்க வேண்டியவர். கோபினாவுக்குக் காய்ச்சல் வந்ததே இல்லை. ஏழு வருடம் பெஞ்சில் உட்கார்ந்து, கோபினாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்து, பூட்ஸ் கயிறு கட்டிவிட்டுக் காலத்தை ஓட்டினார். துவாலை விவகாரத்துக்குப் பிறகாவது தன் முறை வரும் என்று நினைத்திருப்பார். சங்கம் வெளியூரிலிருந்து வேறு ஆளைக் கொண்டுவந்தது. ஒரு ஆட்டம்கூட ஆடாமல், பிள்ளை குட்டி இல்லாமல், மஞ்சள் காமாலையில் செத்துப்போனார்.

"அவன் பொண்டாட்டி எக்குவா இருக்காளே" என்றார் போட்வே.

"அவ மைதானத்துக்குள்ள காலே வெக்க மாட்டா. கேட்டுக்கு வெளிய உக்காந்து சோள மாவுல கெங்கே உருண்டை அவிச்சு விப்பா. நீ ஒரே தடவை சொல்லிட்டு அடுத்த வருஷத்துக்கு நகர்ந்துடு. எவன் கவனிக்கப் போறான்?"

"செத்தவன் பேருடா."

"செத்தவனுக்கு என்னடா வெக்கம்?" என்றார் கோபினா.

இதைச் சொன்ன வாயை அவர் அப்புறம் எத்தனையோ நாள் நொந்துகொண்டார். போட்வே உடனே சம்மதிக்கவில்லை. ஆனால் வருடா வருடம் இந்த மனிதன் ஓடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர்தான். தலையை மட்டும் ஆட்டினார்.

ஆறாம் தேதி காலை எஷுன் தன் ஆட்களோடு வந்து கதவைத் தட்டினார். ஒல்லியான நெட்டை மனிதர், கொஞ்சம் காலைச் சாய்த்து நடந்தார். "இந்தப் பக்கமா நடந்து வந்தோம், உங்க தோட்டத்துல ஒரு பூவைப் பாத்தோம். பறிக்கலாமான்னு கேட்டுட்டுப் போக வந்தோம்" என்று முறைப்படி சொல்லி இரண்டு ஜின் பாட்டில்களை முன்னால் வைத்தார். "வாங்கிக்கலாமா?" என்று கோபினா மகளைக் கேட்டார். "வாங்கிக்குங்க" என்றாள் அராபா. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. கை குலுக்கும்போது எஷுன் கோபினாவின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"கோல்கீப்பர் கைதான். எந்தக் காலத்துல ஆடினீங்க?"

"அது என்னவோ கொஞ்ச காலம். பழைய கதை" என்றார் கோபினா.

எஷுன் அந்தக் கையை இன்னொரு தடவை குலுக்கினார்.

சாயங்காலம் மைதானத்தில் விருந்தாளிகளுக்குப் பந்தல் போட்டிருந்தது. கோபினா அண்ணன் மகனிடம் இரவல் வாங்கிய, விசேஷத்துக்குப் போர்த்துகிற கெண்டே துணியைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, எஷுனுக்கும் அராபாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். போட்வே மணியைத் தட்டினார். படகு வருடம் போயிற்று, கம்பம் சாய்ந்த வருடம் போயிற்று. கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. வேன் நிலையத்துப் பையன்கள் ஆளுக்கொரு துவாலையோடு தயாராக நின்றார்கள்.

"எண்பத்து நாலு" என்றார் போட்வே. "பந்தை விட்டுட்டுத் துவாலைக்குப் பின்னால ஓடினவன், எசில்ஃபி."

கூட்டம் ஒரு கணம் முழித்தது. வேன் கண்டக்டர் ஒருவன், "யோவ், துவாலை எங்கய்யா" என்று வாயெடுத்தான். பக்கத்தில் இருந்தவன் அவன் வாயைப் பொத்தினான். பந்தலைக் கண்ணால் காட்டினான். எல்லாரும் பந்தலைப் பார்த்தார்கள். கெண்டே துணியைப் பார்த்தார்கள், டுவின்மா சம்பந்தியைப் பார்த்தார்கள், புரிந்துகொண்டார்கள். ஒவ்வொரு துவாலையாக மடிக்குக் கீழே போயிற்று. ஒரு வருடம்கூட விடாமல் ஊளையிட்ட ஊர் அன்றைக்கு அவருக்காக வாயை மூடிக்கொண்டது. அந்த மரியாதையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. தன் செருப்பின் வாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போட்வே அங்கேயே நகர்ந்திருக்க வேண்டும். பேச்சு அப்படித்தான். ஆனால் மணியடித்துப் பழகிய கை, அது பாட்டுக்கு இரண்டாம் தடவை அடித்தது. "எசில்ஃபி." கேட் பக்கம் ஏதோ சலசலப்பு. மூன்றாம் தடவை கூப்பிட்டு வாய் மூடுவதற்குள், "இருக்கோம், எங்க வீட்ல ஆள் இருக்கோம்" என்று கத்திக்கொண்டு எக்குவா உள்ளே ஓடி வந்தாள்.

முழங்கை வரை சோள மாவு. கையில் பானை இறக்குகிற கரித்துணி. எழுபதை நெருங்குகிற பெண்பிள்ளை, மூச்சு வாங்க நடு மைதானத்துக்கு வந்து, இடுப்பை வளைத்து ஆட ஆரம்பித்தாள். கேலிக்கு ஆடுகிற ஆட்டமில்லை. கல்யாண வீட்டில் ஆடுவது போல, பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து, தோளைக் குலுக்கி, கரித்துணியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஆடினாள். அசெம்போவில் ஒருவரும் சத்தம் போடவில்லை. ஆனால் டுவின்மாவிலிருந்து முதல் தடவையாக வந்திருந்த இளசுகளுக்கு என்ன தெரியும்? கெடுத்தவன் வீட்டு ஆள் வந்திருக்கிறாள் என்று தொண்டை கிழிய ஊளையிட்டார்கள். அவளுக்கு அது மேளச் சத்தம் மாதிரி. முகமெல்லாம் பூரிப்பாக, அந்த ஊளைக்கே இன்னொரு சுற்று ஆடினாள். போட்வே ஜின்னை மண்ணில் ஊற்றினார். "எசில்ஃபி, வாங்கிக்க" என்றார்.

"அப்பா" என்றாள் அராபா. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எக்குவாவின் கெங்கேயைத் தின்று வளர்ந்தவள் அவள். "வயித்து வலின்னுதானே சொல்லச் சொன்னேன். இதையா செய்யச் சொன்னேன்?"

கோபினா எழுந்திருக்கலாம். இப்போதும் எழுந்திருக்கலாம், நான்கு எட்டு வைத்தால் நடு மைதானம். கெண்டே துணியை இழுத்து இறுக்கிப் போர்த்திக்கொண்டார். அராபா எழுந்து பந்தலை விட்டு வெளியே போனாள்.

எஷுன் மைதானத்தைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்.

"அந்தக் கோலை அடிச்சவன் நான்தான்."

கோபினா செருப்பிலிருந்து தலையைத் தூக்கினார்.

"எங்க ஊர்ல இதே தேதிக்கு என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போவாங்க. காலி வலைல அடிச்ச கோலுக்கு. எனக்கு அவ்வளவு வெக்கமா இருக்கும், வெளிய சொன்னதில்ல. பொண்ணோட அப்பா பேரைச் சொன்னதும் யாருன்னு தெரிஞ்சுபோச்சு. எங்க அக்காகிட்ட சொன்னேன், வருஷா வருஷம் ஊர் முன்னால எழுந்து நின்னு ஊளை வாங்கிக்கற மனுஷன், அவன் வீட்டைப் பத்தி வேற விசாரணையே வேண்டாம்னு. கேள்விப்பட்டதைக் கண்ணால பாக்கணும்னுதான் இன்னிக்கே வரேன்னு சொன்னேன்."

கோபினா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அன்னிக்கு பந்து உள்ள போறப்ப உங்க முதுகைத்தான் பாத்தேன். இன்னிக்கும் அதைத்தான் பாக்கறேன்" என்றார் எஷுன். பிறகு, "பொண்ணு நல்ல பொண்ணு. கல்யாணத்துல ஒரு மாத்தமும் இல்ல" என்று சொல்லிவிட்டு ஆட்டத்தைக் கவனிக்க ஆரம்பித்தார்.

அவர் எழுந்து போயிருந்தால்கூடப் பரவாயில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து, மரியாதையாக, வேர்க்கடலைப் பொட்டலத்தை அவர் பக்கமும் நீட்டினார். கோபினா இடைவேளையில் கெண்டே துணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனார். எக்குவா பானைக்குப் பின்னால் உட்கார்ந்து, சோள இலையில் மாவை உருட்டிச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எக்குவா, அந்தப் பேரைச் சொல்லச் சொன்னது நான்தான்."

"தெரியும்."

"துவாலைக்குப் பின்னால ஓடினது எசில்ஃபி இல்ல."

"அதுவுமா எனக்குத் தெரியாது? நீ ஓடினப்ப அவர் பெஞ்சுல உக்காந்து, 'பந்து, பந்து'ன்னு கத்தினாராம். சாகற வரைக்கும் சொல்லிட்டு இருந்தாரு."

"நான் இப்பவே உள்ள போய் நடுவுல நின்னு உண்மையைச் சொல்லிடறேன்."

எக்குவா நிமிர்ந்து பார்த்தாள். "வாயைத் திறந்தேன்னா இந்தப் பானையை உன் தலைல கவுத்துடுவேன்."

"அவரு பேரைக் கெடுத்துட்டேனே எக்குவா."

"கெடுக்கறதுக்கு அவருக்குப் பேரு இருந்துச்சா? வருஷா வருஷம் இங்க உக்காந்து கேட்டுட்டே இருப்பேன். படகு ஓட்டினவன் பேரைச் சொல்லுவாங்க, கம்பத்தைப் பிடிச்சவன் பேரைச் சொல்லுவாங்க. ஏழு வருஷம் பெஞ்சைத் தேய்ச்ச மனுஷனுக்கு ஒரு சொட்டு ஊத்தினாங்களா? இன்னிக்கு மூணு தடவை கூப்பிட்டாங்க. மண்ணு நனைஞ்சுது. அதை நீ போய் திரும்ப அள்ளப் போறியா?"

"பொய்யாச்சே."

"பொய்தான். சங்கம் அவருக்குன்னு குடுத்தது அது ஒண்ணுதான்" என்று சொல்லி, சூடாக ஒரு கெங்கேயை எடுத்து அவர் கையில் வைத்தாள். "அந்தத் துவாலை இனிமே எங்க வீட்டுது. தின்னுட்டுப் போ."

அதை அவர் தின்னவில்லை, கீழே போடவும் முடியவில்லை. ஆட்டம் முடியும் வரை உள்ளங்கை சுடச் சுடப் பிடித்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் வேன் நிலையத்தில் அந்தக் கண்டக்டர் பையன், "துவா" என்று ஆரம்பித்து, விழுங்கி, "கோபினா அண்ணே, தக்கராடிக்கு இன்னும் ரெண்டு பேர் வேணும்" என்றான். அதற்குப் பிறகு ஒருவரும் அந்தப் பேரைச் சொல்லவில்லை. தன் சொந்தப் பேரைக் கேட்கவேண்டும் என்று எத்தனை காலம் ஏங்கியிருப்பார். இப்போது ஒவ்வொரு தடவை அதைக் கேட்கும்போதும் யாரோ காறித் துப்பியது போல முகத்தைத் துடைத்துக்கொள்கிறார், சட்டைக் கையால்தான். அராபாவின் கல்யாணம் சிறப்பாக நடந்தது. அவள் அப்பாவிடம் மரியாதையாகத்தான் பேசுகிறாள், தேவையானதை மட்டும்.

அடுத்த செப்டம்பர் ஆறாம் தேதி எஷுன் பந்தலில் தனக்குப் பக்கத்தில் கோபினாவுக்கு இடம் போட்டு வைத்திருந்தார். போட்வே மணியைத் தட்டி எண்பத்து நாலு என்றதும், இத்தனை காலப் பழக்கத்தில் கோபினாவின் கால்கள் தாமாக எழுந்துகொண்டன. பாதி எழுந்துவிட்டார். எஷுன் அவசரமாகத் திரும்பிப் பார்த்தார், அந்த முகத்தில் ஏதோ ஒரு நம்பிக்கை இருந்தது. அதற்குள் கேட்டுப் பக்கமிருந்து எக்குவா, புதுத் துணி உடுத்தி, மாவில்லாத கையோடு ஆடிக்கொண்டே வந்துவிட்டாள். கோபினா திரும்ப உட்கார்ந்தார்.